மருந்துக்கும் இல்லை

பக்கீர் முகைதீன் தன் ஆயுளில் ஒரு குளிசைகூட விழுங்கியதில்லை. இது ஊர் முழுவதற்கும் தெரியும், ஏனென்றால் அவரே ஊர் முழுவதற்கும் சொல்லி வைத்திருந்தார். கல்யாண வீட்டில் சொன்னார், மௌத்து வீட்டில் சொன்னார், கல்முனைச் சந்தையில் மட்டி விற்கும்போது வாங்க வந்தவர் தெரியாத்தனமாகத் தலையிடி என்று வாய்விட்டால் அவரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார். மட்டி வாங்க வந்த மனிதர் சிலவேளை மட்டியை மறந்துவிட்டுப் போனதும் உண்டு.

சுனாமிக்குப் பிறகு முகாமில் இருந்த காலத்தில் இந்தப் பெருமைக்கு ஒரு சோதனை வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த டொக்டர்மார் ஆட்களை வரிசையில் நிறுத்தி, ஆளுக்கொரு பொட்டலம் குளிசை கொடுத்தார்கள். எதற்கென்று கொடுத்தவருக்கும் சரியாகத் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. பக்கீர் முகைதீன் மரியாதைக்கு வாங்கிக்கொண்டார். வாங்கியதை முகாமுக்குப் பின்னால் கட்டியிருந்த ஆட்டுக்குக் கொடுத்தார். ஆடு ஹஜ்ஜுப் பெருநாள் வரை நல்ல சுகத்தோடு இருந்தது.

"அலைக்கே தப்பின நான் குளிசைக்கு மௌத்தாகவா?" என்று கேட்பார்.

அலைக்குத் தப்பிய விதத்தை மட்டும் அவர் சொல்வதில்லை. அன்று காலை அரிசி வாங்கச் சம்மாந்துறைக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது கடற்கரை வீடும் இல்லை, அடுத்த வளவில் இருந்த தம்பியும் இல்லை. கரைவலையில் அவரோடு கயிறு பிடித்தவர்களில் பாதிப்பேர் இல்லை. மனைவி சுபைறா தாய் வீட்டில் நின்றதால் மிஞ்சினாள். பேச்சுக்குப் பேச்சு கதை வைத்திருக்கும் மனிதரிடம் இதற்கு மட்டும் கதை இல்லை. நெஞ்சில் அது கிடந்தது, அவ்வளவுதான்.

அதன் பிறகு மாதக்கணக்கில் ஊரில் ஒருவரும் கடல் மீன் தின்னவில்லை. ஏன் தின்னவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பக்கீர் முகைதீனுக்கும் கடலில் கால் வைக்க மனம் வரவில்லை. அவர் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே நடந்தார். மேற்கே உப்பும் நன்னீரும் கலந்த களப்பு இருந்தது. களப்பின் சேற்றில், ஓட்டுக்குள் பொத்திக் கிடக்கும் மட்டி இருந்தது.

மட்டி எடுப்பதற்குக் கண் வேண்டாம், கால் வேண்டும். நெஞ்சளவு தண்ணீரில் நின்று, பாதத்தால் சேற்றைத் தடவிக்கொண்டே நகர வேண்டும். கல்லும் காலுக்குத் தட்டும், போத்தல் ஓடும் தட்டும், மட்டியும் தட்டும். எது எது என்று விரல்தான் சொல்ல வேண்டும். பக்கீர் முகைதீனுக்கு அதைச் சொல்வது இடது காலின் பெருவிரல். அது சேற்றுக்குள் புகுந்து, மட்டியின் விளிம்பைப் பிடித்து, நெம்பி மேலே விடும்; அவர் மூழ்கி எடுத்து இடுப்பில் கட்டி மிதக்கவிட்ட பெட்டிக்குள் போடுவார். வலது காலால் அவர் எடுத்த மட்டி ஒரு சட்டி ஆணத்துக்குக் காணாது. "உங்கட கண்ணு ரெண்டும் அந்த விரலிலதான் இரிக்கி" என்பாள் சுபைறா. ஐம்பது தாண்டிய பிறகு ஒரு மனிதன் புதிதாகக் கற்ற தொழிலுக்கு இப்படி ஒரு விரல் வாய்த்தது அல்லாஹ்வின் உதவி என்றே அவர் நம்பினார்.

மட்டி தின்னலாமா கூடாதா என்பதில் ஊருக்குள் இரண்டு கட்சி இருந்தது. மௌலவியிடம் கேட்டார்கள். கருத்து வேறுபாடு உண்டு என்று அவர் பெருந்தன்மையாகச் சொன்னார். கூடாது என்றவர்கள் வாங்கவில்லை, கூடும் என்றவர்கள் வாங்கினார்கள், கூடாது என்றவர்களின் வீட்டுப் பெண்கள் பின்வாசலால் வாங்கினார்கள். மிச்சம் காரைதீவுக்கும் பாண்டிருப்புக்கும் போனது. விற்று முடிந்தபின் யாராவது வந்து மட்டி இருக்கிறதா என்று கேட்டால், பக்கீர் முகைதீன் வெறும் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டி, "மருந்துக்கும் இல்ல" என்பார். மருந்தைக் கண்டாலே ஆகாத மனிதரின் வாயில் அந்தச் சொல் வருவதைக் கேட்கவே சிலர் பிந்தி வருவார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் கொழும்புக் கம்பெனி ஒன்று களப்பின் நடுவில் மீன் கூடு போட்டது. பீப்பாய்களை மிதக்கவிட்டு, அதன் கீழே கம்பி வலைக் கூடு தொங்கவிட்டு, உள்ளே கொடுவா மீன் குஞ்சுகளை வளர்த்தார்கள். சண்டை நடந்த காலத்தில் கூடுகள் நாலைந்துதான். சண்டை முடிந்து, சோதனைச் சாவடிகள் கழன்று, ஐஸ் லொறிகள் தடையில்லாமல் கொழும்புக்கு ஓடத் தொடங்கியதும் கூடுகள் குட்டி போட்டன. களப்பின் ஒரு பக்கம் முழுவதும் பீப்பாய் ஆகிவிட்டது. பாதை திறந்தால் முன்னேற்றம் வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். வந்தது.

கூட்டைப் பார்த்துக்கொண்டது காரைதீவுப் பொடியன் நிரோசன். நல்ல பிள்ளை, பக்கீர் முகைதீனை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவான். தோணியில் தீன் மூட்டையை ஏற்றிக்கொண்டு காலையும் மாலையும் கூடு கூடாகப் போவான். ஒருநாள் தீனோடு ஒரு மஞ்சள் தூளைக் கலந்து பிசைந்துகொண்டிருந்தான். பக்கீர் முகைதீன் தண்ணீரில் நின்றபடியே கேட்டார்.

"என்ன தம்பி, மீனுக்குப் புட்டு அவிக்கிறியா?"

"மருந்து காக்கா. மீனுக்குப் புண் வருத்தம். நெருக்கமாக் கிடக்கிறதால ஒண்டுக்கு வந்தா எல்லாத்துக்கும் வருது."

"மீன் குளிசை திங்குதா?"

"ஓம் காக்கா. கொழும்பில இருந்து ஃபோனில சொல்லுவாங்க. செத்தா இன்னும் கூடப் போடச் சொல்லுவாங்க."

பக்கீர் முகைதீன் இரண்டு நாள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தண்ணீரில் கிடக்கும் மீனே குளிசை இல்லாமல் வாழத் தெரியாத காலம் வந்துவிட்டது, தரையில் கிடக்கும் மனிதனைக் குறை சொல்லி என்ன பயன் என்றார். நிரோசன் அந்த மீனைத் தின்பதில்லை என்பதையும் அவர் கவனித்திருந்தார். அவன் சோற்றுப் பார்சலில் எப்போதும் கருவாடுதான் இருக்கும். கேட்டதற்கு, "ஐயோ காக்கா, அது கொழும்புக்கு" என்றான்.

மீன் தின்று மிஞ்சிய தீன் கூட்டுக்குக் கீழே சேற்றில் படிந்தது. அங்கே இருந்த மட்டி கொழுத்தது. முன்பு போத்தல் மூடி அளவில் இருந்தது உள்ளங்கை அளவுக்கு வந்தது. பக்கீர் முகைதீன் மற்ற இடங்களை விட்டுவிட்டு, கூட்டின் ஓரத்திலேயே நிற்கத் தொடங்கினார். வீட்டிலும் அன்றாடம் மட்டி ஆணம்தான். சுபைறாவுக்கு அந்த வாசமே பிடிக்காது, அவள் பருப்போடு நிறுத்திக்கொள்வாள். சட்டி முழுவதும் அவருக்குத்தான்.

கூட்டின் ஓரத்தில் நின்றதற்கு ஒரு விலை இருந்தது. துருப்பிடித்த கம்பி ஒன்று இடது பெருவிரலைக் கீறியது. மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் வைத்துச் சீலைத் துண்டால் கட்டிக்கொண்டு, அடுத்த நாளும் தண்ணீரில் இறங்கினார். கீறல் ஆறவில்லை. ஆறாவிட்டால் என்ன, விரல் வேலை செய்கிறதே என்று இருந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள் சுபைறா. போனால் குளிசை தருவார்கள் என்றார் அவர். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அந்தக் காலத்தில்தான் கஜனி வந்தாள். பல்கலைக்கழகமொன்றில் களப்புகளைப் பற்றி ஆராய்கிற பிள்ளை, மட்டக்களப்புப் பக்கத்தவள். முதல் தடவை வந்து கூட்டைச் சுற்றியிருந்த மட்டியையும் சேற்றையும் ஐஸ் பெட்டியில் போட்டுக்கொண்டு போனாள். கொஞ்ச நாள் கழித்துத் திரும்பி வந்து, தோணித்துறையில் நின்றவர்களையெல்லாம் கூப்பிட்டாள். தேத்தண்ணிக் கடைச் சீனிமுகம்மது கடையை அப்படியே விட்டுவிட்டு வந்தார். அவர் வந்தால் கடையில் இருந்தவர்களும் வருவார்கள்.

"இந்தக் கூட்டடியில இருக்கிற மட்டியில மருந்து இருக்கு" என்றாள் கஜனி.

சரியாகத்தான் சொன்னாள். பிழை அவளுடையதல்ல, சொல்லினுடையது. இந்தக் கரையில் மருந்து என்ற சொல் இரண்டு வீட்டுக்கும் பிள்ளை. வயலில் பூச்சிக்கு அடிப்பதும் மருந்துதான், வருத்தக்காரனுக்குக் கொடுப்பதும் மருந்துதான். மருந்து குடித்தான் என்றால், பிழைக்கக் குடித்தானா சாகக் குடித்தானா என்று முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கஜனியின் பாடப் புத்தகத்தில் அந்த மருந்துக்கு நீளமான ஒரு பெயர் இருந்தது. அதைச் சொன்னால் ஒருவருக்கும் விளங்காது என்று, விளங்கட்டும் என்பதற்காக மருந்து என்றாள்.

கூட்டம் கொஞ்சம் பின்வாங்கியது. சீனிமுகம்மது நெல் வயலும் வைத்திருப்பவர். அவர்தான் கேட்டார்.

"வயலுக்கு அடிக்கிற மருந்தா மகள்?"

"இல்ல, அது இல்ல."

எல்லோருக்கும் மூச்சு வந்தது.

"அப்ப மனிசருக்குக் குடுக்கிற மருந்தா?"

கஜனி பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. கொஞ்சம் யோசித்தாள். "ஓம். ஆஸ்பத்திரியில புண்ணுக்கும் காய்ச்சலுக்கும் தாற அதே மருந்துதான். ஆனா..."

அந்த 'ஆனா'வைக் கேட்க அங்கே ஆளில்லை. நின்றார்கள், ஆனால் கேட்கவில்லை. அவள் பாவம், தொண்டை வற்றச் சொன்னாள். மட்டி தண்ணீரை உறிஞ்சி வடித்து வாழ்கிறது, தண்ணீரில் வருவதெல்லாம் அதற்குள் தேங்கிவிடும் என்றாள். அதை நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றால் கிருமிக்கு மருந்து பழகிவிடும், பிறகு உண்மையாக வருத்தம் வரும்போது மருந்து கேட்காது என்றாள். "மருந்து பழகினா நல்லந்தானே" என்று யாரோ பின்னால் சொன்னார்கள். பலருக்கும் அது நியாயமாகப் பட்டது.

பக்கீர் முகைதீனுக்கு மட்டும் வேறு கவலை. அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தார்.

"மகள், குளிசையாவா இரிக்கி உள்ளுக்கு?"

"குளிசையா இல்ல காக்கா. கரைஞ்சு, தசையோட சேந்து."

"குளிசையா இல்லையே?"

"இல்ல. ஆனா..."

அவருக்கும் அது போதுமாக இருந்தது. மருந்து வேறு, குளிசை வேறு. விழுங்குகிற சாமானில்தான் அவருக்குப் பகை, ஆணத்தோடு வருவதில் இல்லை. கஜனி அவருடைய கால் கட்டைப் பார்த்துவிட்டாள்.

"காலில என்ன?"

"ஒண்டுமில்ல, கம்பி கீறின."

"புண்ணோட இந்தத் தண்ணியில இறங்காதீங்க காக்கா. இதில இருக்கிற கிருமி மருந்தில ஊறின கிருமி."

"நான் இறங்காட்டி மட்டி நடந்தா வரும்?" என்றார். கூட்டம் சிரித்தது. கஜனி சிரிக்கவில்லை.

அடுத்த கிழமையே 'மருந்து மட்டி' என்று பெயர் வந்துவிட்டது. சிரங்குக்காரர் வந்தார்கள், இருமல்காரர் வந்தார்கள், மூட்டு வலிக்காரரும் வந்தார்கள். அட்டாளைச்சேனையிலிருந்து ஓட்டோ பிடித்து வந்தார்கள். வரிப்பத்தான்சேனையிலிருந்து வயல் வேலைக்காரர் சேற்றுப் புண்ணோடு வந்தார்கள். மட்டி கூடாது என்ற கட்சி, மருந்தென்றால் விஷயம் வேறு என்று முன்வாசலாலேயே வந்தது. கூட்டடி மட்டிதானா என்று சத்தியம் கேட்டு வாங்கினார்கள். சீனிமுகம்மது கடையில் மட்டி சூப் போட்டார்.

"சாப்பாட்டுக்கு முன்னுக்கா, பின்னுக்கா காக்கா?" என்று கேட்டாள் ஸம்ஸியா. அவள் அடுத்த தெருக்காரி, கணவன் கட்டாரில். சின்ன மகளின் காலில் சிரங்கு மாறி மாறி வந்துகொண்டிருந்தது.

"பின்னுக்கு" என்றார் பக்கீர் முகைதீன். எதற்கும் இருக்கட்டும் என்று, "மூணு நேரம்" என்பதையும் சேர்த்தார். ஒரு குளிசையும் தொடாத மனிதர் ஊருக்கு மருந்து கொடுக்கத் தொடங்கிய கதை இதுதான். அவருக்கு அது பிடித்திருந்தது. கல்யாண வீட்டில் இப்போது இரண்டு கதை சொல்லலாம்.

தனக்கும் அவர் குறை வைக்கவில்லை. புண்ணுக்கு மருந்தென்று கஜனியே சொல்லிவிட்டாள், பிறகென்ன? காலையில் மட்டிச் சுண்டல், மத்தியானம் மட்டி ஆணம், இராவைக்கு மிஞ்சியது. புண் விரலிலிருந்து பக்கத்து விரலுக்குப் போனது. மருந்து உள்ளே வேலை செய்து கெட்டதை வெளியே தள்ளுகிறது என்றார். பாதம் வீங்கியது. தள்ளுகிற வேகம் கூடிவிட்டது என்றார். பிறகு மணம் வரத் தொடங்கியது. அதற்கு அவரிடம் விளக்கம் இல்லை. சுபைறா வெள்ளிக்கிழமை இரவுக்கு மட்டும் போடும் சாம்பிராணியை நாள்தோறும் போட்டாள். பக்கீர் முகைதீன் வீட்டில் தொழுகையும் இபாதத்தும் கூடிவிட்டது என்று அக்கம்பக்கத்தில் நல்ல விதமாகப் பேசிக்கொண்டார்கள்.

சுபைறா பேசிப் பார்த்தாள். "இஞ்ச பாருங்க, இது மட்டிக்கு மாறுற புண்ணில்ல. ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"நான் மருந்துதானே திங்கிறன். அவங்களும் அதத்தானே தருவாங்க."

"கால் போச்செண்டா என்னத்தால மட்டி எடுக்கிற?"

அவர் கட்டை அவிழ்த்து, பெருவிரலை அசைத்துப் பார்த்தார். அசைந்தது. உணர்ச்சி இருந்ததா என்று அவள் கேட்டாள். இருந்தது என்றார். பொய். இரண்டு கிழமையாக அந்த விரல் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. கல்லையும் போத்தல் ஓட்டையும் எடுத்துவந்து பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பயம் பிடித்திருந்தது, அதை யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை.

ஒரு நாள் காலை களப்பிலேயே குளிர் பிடித்து, பீப்பாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். நிரோசன்தான் தோணியில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்து, ஓட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். சுபைறா பின்னால் இன்னொரு ஓட்டோவில் வந்தாள்.

வாட்டில் இருந்த டொக்டர் ஆதிலா சம்மாந்துறைக்காரி, ஊரின் கதை பேச்செல்லாம் தெரிந்தவள். முதலில் சீனி வருத்தம் இருக்கிறதென்று கண்டுபிடித்தாள். அது எத்தனை வருடமாக இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் இரத்தம் சோதித்தால் குளிசையில் போய் முடியும் என்று அவர் சோதித்ததே இல்லை. பிறகு ஊசி போட்டார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. ஊசியை மாற்றினார்கள். அப்போதும் இறங்கவில்லை. புண்ணில் எடுத்த சீழைச் சோதனைக்கு அனுப்பி, முடிவு வந்ததும் ஆதிலா கட்டிலடிக்கு வந்து நின்றாள்.

"இதுக்கு முதல் என்ன குளிசை பாவிச்ச நீங்க?"

பக்கீர் முகைதீனுக்குக் காய்ச்சலிலும் முகம் மலர்ந்தது. வாழ்நாள் முழுவதும் அவர் எதிர்பார்த்திருந்த கேள்வி. "என்ட ஆயுளில ஒரு குளிசை விழுங்கினதில்ல" என்றார்.

"மறைக்காம சொல்லுங்க. பாமசியில வாங்கி, பாதியில நிப்பாட்டின குளிசை ஏதும்?"

"ஒண்டுமில்ல டொக்டர்."

"உங்கட புண்ணில இருக்கிற கிருமி நாங்க குடுக்கிற ஒரு மருந்துக்கும் கேக்குதில்ல. எல்லாம் அதுக்குப் பழக்கம். ஒருநாளும் மருந்து காணாத மனிசன்ட உடம்பில இப்பிடிக் கிருமி இரிக்காது."

"அல்லாவுக்காக" என்று அவர் எழும்பப் பார்த்தார். முடியவில்லை. சுபைறாவைப் பார்த்தார். இருபத்தெட்டு வருடமாக இந்தப் பெருமையை நாளும் கேட்டுக் காது புளித்த மனுஷி, இன்றைக்கு அவருக்குச் சாட்சி அவள்தான்.

"உண்மதான் டொக்டர். குளிசை தொட மாட்டார்" என்றாள் சுபைறா. கட்டுப் போட்ட அவருடைய காலைப் பார்த்தாள். "மட்டிதான் தின்ன" என்றாள்.

ஆதிலா எந்த மட்டி என்று கேட்டாள். எந்த இடத்து மட்டி, எத்தனை காலமாக, புண்ணோடு எத்தனை காலம் அந்தத் தண்ணீரில் நின்றார் என்று கேட்டாள். சுபைறா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். பக்கீர் முகைதீன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"தண்ணியாலயா மட்டியாலயா எண்டு என்னால சத்தியம் பண்ண ஏலா" என்றாள் ஆதிலா. "ஆனா நீங்க குளிசை தின்னாட்டியும் மீன் திண்டிரிக்கி. அது மிச்சம் வெச்சத மட்டி திண்டிரிக்கி. மட்டிய நீங்க திண்டிருக்கிங்க. கிருமியும் அந்தத் தண்ணியிலதான் வளந்திரிக்கி."

அவர் சுவரைப் பார்த்தபடி கேட்டார். "கால எடுக்கவா போறீங்க?"

"முழுக் காலும் இல்ல. ஆனா விரல்கள எடுக்காட்டி முழுக் காலும் போகும்."

பிறகு டொக்டரிடம் திரும்பி, கடையில் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டார். "பெருவிரல மட்டும் விட்டுட்டு மத்தத எடுக்க ஏலாதா?"

ஆதிலாவுக்குக் காரணம் தெரியாது. "அதிலதானே தொடங்கின" என்றாள். சுபைறாவுக்குத் தெரியும். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய் விறாந்தையில் நின்று அழுதாள்.

பாதத்தின் முன்பாதியை எடுத்தார்கள். கொழும்பிலிருந்து வரவழைத்த ஊசி ஒன்றுக்கு மட்டும் அந்தக் கிருமி மரியாதை கொடுத்தது. காய்ச்சல் இறங்கியதும் சீனி வருத்தத்துக்குக் குளிசை கொடுத்தார்கள். சுபைறா தண்ணீரோடு நீட்டினாள். அவருக்கு விழுங்கத் தெரியவில்லை, சப்பிவிட்டார். கசந்தது. அவ்வளவு காலமும் மட்டி ஒருநாளும் கசக்கவில்லை.

"இதுதான் என்ட முதல் குளிசை" என்றார்.

சுபைறா அவருடைய முகத்தைப் பார்த்தாள். கோப்பையை வாங்கி வைத்தாள்.

வீட்டுக்கு வந்து, ஊன்றுகோலோடு நடக்கப் பழகியதும் அவர் முதலில் தோணித்துறைக்குத்தான் போனார். கூடுகள் இருந்தன. பீப்பாய் கூடியிருந்தது. நிரோசன் தீன் பிசைந்துகொண்டிருந்தான், மஞ்சளாகத்தான் இருந்தது. ஆட்களும் இருந்தார்கள். மட்டி எடுத்துத் தர ஆளில்லாததால் தாங்களே சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கித் தடவிக்கொண்டிருந்தார்கள். பக்கீர் முகைதீன் கவிழ்த்துப் போட்டிருந்த தோணியில் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

"மட்டி எடுக்காதீங்க. அதில மருந்து இரிக்கி."

"தெரியும் காக்கா. அதுக்குத்தானே வந்த" என்றார்கள்.

அவர் வேறு மாதிரிச் சொல்லிப் பார்த்தார். கூடாது என்றார், கெடுதி என்றார், மருந்தில்லை நஞ்சு என்றார். அந்தப் பிள்ளை படித்தவள், அவள் மருந்தென்றுதான் சொன்னாள் என்றார்கள். சீனிமுகம்மது ஆறுதலாக ஒரு பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்து, சீனி வருத்தத்தில் போன விரலுக்கு மட்டியைக் குறை சொல்லக்கூடாது என்றார். அன்றைக்கும் கடையில் சூப் இருந்தது.

பின்னேரம் ஸம்ஸியா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். பிள்ளையின் முழங்காலுக்குக் கீழே சிரங்கு பரவியிருந்தது. சில இடத்தில் நீர் வடிந்தது. ஸம்ஸியா அவரைக் கண்டதும் சந்தோசப்பட்டாள்.

"வந்திட்டிங்களா காக்கா. நாலு மட்டி எடுத்துத் தாங்களேன். நான் எடுத்தா எல்லாம் கல்லுத்தான் வருது."

"வேணாம் ஸம்ஸியா. புள்ளைக்கு அதக் குடுக்காத. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ."

"முதல் நீங்கதானே மூணு நேரம் குடுக்கச் சொன்ன."

அது நெஞ்சில் பட்டது. சொன்னவர் அவர்தான், இல்லையென்று எப்படிச் சொல்வது? அவர் குரலைத் தாழ்த்தினார். யாருக்கும் கேட்கக்கூடாது என்றல்ல, அந்த வார்த்தை அப்படித்தான் வெளியே வந்தது.

"ஸம்ஸியா, நான் குளிசை திண்டவன். ரெண்டு மூணு வருசமா நாளும் திண்டவன். இந்த ஊரில என்னளவு குளிசை திண்ட ஆள் இல்ல."

ஸம்ஸியா சிரித்துவிட்டாள். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். பக்கீர் முகைதீன் குளிசை தின்றார் என்றால் யார் நம்புவார்கள்? அவ்வளவு காலமும் அவர் பாடுபட்டு ஊரை நம்பவைத்திருந்தார், அந்த வேலையில் ஒரு குறையும் இருக்கவில்லை.

"உங்கட காலுக்கு வேணுமெண்டுதானே இப்பிடிச் சொல்றிங்க" என்றாள் ஸம்ஸியா. இப்போது சிரிப்பு போயிருந்தது. "உங்கட காலுக்கு மட்டும் மருந்து வேணும், என்ட புள்ளட காலுக்கு வேணாமா?"

பிள்ளை தாயின் கையை விட்டுவிட்டுக் கரையோரத் தண்ணீரில் இறங்கி, கணுக்கால் அளவில் நின்று, மற்றவர்கள் செய்வதைப்போல ஒரு காலால் சேற்றைத் தடவத் தொடங்கியது. பக்கீர் முகைதீன் அந்தக் காலைப் பார்த்தார். ஊன்றுகோலைக் கீழே வைத்தார். குனிந்து, தன் இடது காலின் கட்டை அவிழ்க்கத் தொடங்கினார். அவசரப்படாமல் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தார். கடைசிச் சுற்றும் விழுந்ததும் காலை நீட்டி அவளுக்கு முன்னால் வைத்தார்.

ஸம்ஸியா பார்த்தாள். முதலில் அவளுக்கு விளங்கவில்லை. குதி இருந்தது, கணு இருந்தது, பிறகு தையல் போட்ட ஒரு விளிம்பு, அதற்கு அப்பால் மணல்.

"விரலெல்லாம் எங்க காக்கா?"

"மருந்துக்கும் இல்ல" என்றார்.

இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. ஸம்ஸியா தண்ணீருக்குள் இறங்கி, மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பாவாடை ஓரத்தால் அந்தச் சின்னக் கால்களை விரல் விரலாகத் துடைத்தாள்.